கடன்காரன் விதிக்கும் தண்டம்

(படிப்பகத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடன் வாங்கியவன் வட்டி கட்டுவான். தவணை தவறினால் தண்டமும் கட்டுவான். அது உலக வழக்கம். கடன் கொடுத்தவன் தண்டம் கட்டிய கதையைக் கேட்டதுண்டா நீங்கள்? கொடுத்தவன் வாசலிலே நிற்க, வாங்கியவன் நாற்காலியிலே சாய்ந்துகொண்டு, "நீ எனக்குப் போதுமான அளவு கடன் தரவில்லை, ஆகவே தந்ததிலே கொஞ்சத்தை எடுத்துக்கொண்டேன், போய் வா!" என்று பேசிய காட்சியைக் கண்டதுண்டா? நான் எழுதும் நாடகத்திலே அப்படியொரு காட்சியை வைத்தால், "கதைக்குக் காலில்லை என்பது சரி, அதற்காக இப்படியா?" என்று நீங்களே எழுந்து கேட்பீர்கள்.

நாடகத்திலே நடக்க முடியாதது நாட்டிலே நடக்கிறது. வங்கி என்ற பெயரால் நாள்தோறும் நடக்கிறது.

வங்கியிலே நாம் போட்ட பணம், நம் பெயர் எழுதிய ஒரு பெட்டியிலே பத்திரமாகக் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை, தோழர்களே! போட்ட அந்த நொடியிலேயே அது வங்கியின் பணமாகிவிடுகிறது. நம்மிடம் மிஞ்சுவது, 'கேட்கும்போது திருப்பித் தருகிறேன்' என்ற வாக்கு ஒன்றுதான். வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. இதைச் சொல்வது நானல்ல; கல்லூரியிலிருந்து பாதியிலே வெளியேறியவன் சட்டம் பேசினால் யார் நம்புவார்கள்! 1848-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, ஃபோலி என்பவருக்கும் ஹில் என்பவருக்கும் நடந்த வழக்கிலே சொன்ன தீர்ப்பு அது. வங்கிக்காரர் கடனாளி, பணம் போட்டவர் கடன் கொடுத்தவர் என்ற அந்த அடிப்படையின் மீதுதான் வங்கிச் சட்டம் இன்றும் நிற்கிறது.

இதை மனத்திலே வைத்துக்கொண்டு, இந்தக் காட்சியைக் காணுங்கள். கற்பனைதான், ஆனால் இதிலே கற்பனைக்கு அதிக வேலை இல்லை.

இடம்: ஒரு வங்கிக் கிளை. காலம்: 2023 செப்டம்பர். வரிசையிலே நிற்கிறாள் ஒரு தாய். மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் அந்த மாதம் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்திலே தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்குகளுக்குப் பணம் அனுப்பப்பட்டது. இவளுக்கும் வந்தது. கைப்பேசியிலே மணி ஒலித்தது. அண்டை வீட்டுப் பிள்ளை படித்துச் சொன்னான். புறப்பட்டு வந்துவிட்டாள்.

"ஐயா, ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறதாமே?"

"வந்தது, அம்மா."

"எடுத்துக் கொடுங்கள், ஐயா."

"போய்விட்டதே!"

"யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கவில்லை, அம்மா. சிஸ்டம் பிடித்துக்கொண்டது."

"அவர் எத்தனை மணிக்கு வருவார், ஐயா?"

சிரிக்கிறீர்கள். நானும் எழுதும்போது சிரித்தேன். பிறகு பேனா ஓடவில்லை. அவள் கேட்ட கேள்வியிலே தவறு என்ன? பணத்தை எடுத்தவர் யாரோ அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாள். அந்த ஆள் இல்லை. எடுப்பதற்குக் கை இருக்கிறது. பதில் சொல்வதற்கு வாய் இல்லை. அப்படியொரு விந்தைப் பிறவியைக் கட்டி வைத்து, அதற்கு 'சிஸ்டம்' என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள்!

என்ன நடந்தது? என்றைக்கோ, சமையல் எரிவாயு மானியத்துக்காகவோ, மகனின் உதவித்தொகைக்காகவோ திறந்த கணக்கு அது. பணம் வந்தது, எடுத்தாள். பிறகு கணக்கிலே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத குற்றத்துக்கு மாதந்தோறும் தண்டம் எழுதப்பட்டது. குறுஞ்செய்தி அனுப்பியதற்குக் கட்டணம் எழுதப்பட்டது. எழுதி எழுதி ஓரமாக வைத்துக் காத்திருந்தார்கள். கொக்கு காத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஓடுமீன் ஓட, உறுமீன் வரும் வரையில். வந்தது உறுமீன், ஆயிரம் ரூபாய்!

அப்போது நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அவர்கள் அறிக்கை விட்டார். எந்தக் கட்டணத்தின் பெயராலும் அந்தத் தொகையிலே கை வைக்கக் கூடாது என்றார். மீறினால் பயனாளிகளின் கணக்குகள் வேறு வங்கிகளுக்கு மாற்றப்படும் என்று எச்சரித்தார். 1100 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம் என்றும் அறிவித்தார். ஓர் அரசு கொடுக்க, அதை இடையிலே ஒருவர் எடுக்க, கொடுத்த அரசே குரல் கொடுக்க வேண்டிய நிலை வந்ததே, அதைத்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விதி இல்லாமலா இது நடந்தது? விதி இருக்கிறது, தோழர்களே. 2014 நவம்பரிலே ரிசர்வ் வங்கி எழுதி, 2015 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால், முதலிலே கணக்குக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே தண்டம். அந்தத் தண்டமும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்திலே இருக்க வேண்டும். தண்டம் போட்டதன் காரணமாகவே கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகவும் கூடாது.

கடைசி வரியைக் கவனியுங்கள். பூச்சியத்துக்குக் கீழே இறக்காதே என்கிறது விதி. சரி என்று தலையாட்டுகிறார்கள். கணக்கிலே கழிக்காமல், வேறு ஏட்டிலே 'வர வேண்டியது' என்று குறித்துக்கொள்கிறார்கள். கணக்கின் மேல் ஒரு பிடி போட்டு வைக்கிறார்கள். 'லீன்' என்பார்கள் அதை. புதிய பணம் வந்ததும் பிடி இறுகுகிறது. பள்ளத்திலே தள்ளாதே என்றால், தள்ளுவதில்லை. பள்ளத்தின் கரையிலே கயிற்றோடு நிற்கிறார்கள். விதியின் எழுத்து பிழைத்தது. விதியின் உயிர் எங்கே போயிற்று?

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பாரத ஸ்டேட் வங்கி, சேமிப்புக் கணக்குக்குத் தரும் வட்டியை 2025 ஜூன் 15 முதல் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்று ஆக்கியது. அந்த விகிதத்திலே, ஆயிரம் ரூபாயை ஓராண்டு முழுவதும் தொடாமல் வைத்தால் கிடைப்பது 25 ரூபாய். ஒரு வங்கி, ஒரு மாதத் தண்டம் நூறு ரூபாய் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆக 118 ரூபாய். ஒரே ஒரு மாதத்துத் தண்டம், ஏறத்தாழ ஐந்தாண்டு வட்டியை ஒரே வாயிலே விழுங்கிவிடுகிறது! தண்டத்தின் மேல் வரியும் போடுகிறார்களே, அந்த நுணுக்கத்தை என்னென்பது!

சில்லறை விவகாரம் என்று சிலர் சொல்லக்கூடும். சில்லறையின் கூட்டுத்தொகை நாடாளுமன்றத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டிலே ஒன்றிய நிதித்துறை தந்த பதில்: பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும், 2018 தொடங்கி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக மக்களிடம் பிடித்த தொகை 21,044 கோடி ரூபாய். ஏ.டி.எம்.மில் அனுமதித்த முறைகளுக்கு மேல் எடுத்தாய் என்று பிடித்தது 8,289 கோடி. குறுஞ்செய்திக்காகப் பிடித்தது 6,254 கோடி. பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டுகளில் இருப்புக் குறைவுக்கென வசூலித்தது 8,495 கோடி என்று 2024 ஜூலையிலே மற்றொரு பதில் வந்தது.

இதை யார் கட்டினார்கள்? மாளிகைவாசி கட்டினானா? அவன் கணக்கிலே இருப்பு குறைவதே இல்லையே! பணம் இருப்பவனுக்குத் தண்டம் இல்லை. பணம் இல்லாதவனுக்குத்தான், பணம் இல்லை என்பதற்காகவே தண்டம்! பசித்தவனைப் பிடித்து, 'நீ ஏன் சாப்பிடவில்லை?' என்று அவன் கையிலிருந்த அரை வாழைப்பழத்தையும் பிடுங்கிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

"வங்கி நடத்தச் செலவாகாதா? கட்டிடம், கணினி, சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை நான் சொல்ல வேண்டாம். பாரத ஸ்டேட் வங்கியே சொல்லிவிட்டது. 2017 ஏப்ரலிலே அந்த வங்கி இந்தத் தண்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. பெருநகரங்களிலே 5,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்களில் 1,771 கோடி ரூபாய் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டிலே அந்த வங்கி ஈட்டிய நிகர லாபமே 1,581 கோடிதான்! நாடு முணுமுணுத்தது, பத்திரிகைகள் எழுதின. இருப்பு வரம்பு குறைந்தது, தண்டம் குறைந்தது. 2020 மார்ச்சிலே அறவே நீங்கியது, 44 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு! அதனால் வங்கி இழுத்து மூடப்பட்டதா? இல்லை. 2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக அதே வழிக்கு வந்தன. தண்டமில்லாமல் வங்கி நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அதே 2025 ஆகஸ்டிலே தனியார் வங்கியொன்று, ஐ.சி.ஐ.சி.ஐ., பெருநகரங்களிலே புதிதாகக் கணக்குத் திறப்பவர் 50,000 ரூபாய் சராசரி இருப்பு வைக்க வேண்டும் என்று அறிவித்தது. ஐம்பதாயிரம்! வரம்பு எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் முடிவு என்றார் ரிசர்வ் வங்கி ஆளுநர். எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே ஐம்பது பதினைந்தாயிற்று. ஆளுநர் தலையிடாத இடத்திலே மக்களின் வாய் தலையிட்டது.

ஈட்டிய காசை மக்கள் ஏன் வங்கியிலே போட வேண்டும் என்று ஒரு காலத்திலே கெஞ்சியவர்கள் யார் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் சென்னையிலேயே 1906 அக்டோபரிலே அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, வெண்கலக் கதவு, விழாது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் வீதிக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த இடிபாட்டுக்குப் பிறகுதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1969 ஜூலை 19-ஆம் நாள் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது, வங்கி இனிமேல் குடிசையின் வாசலுக்கு வரும் என்றார்கள். வந்தது, மறுக்கவில்லை. 2014-இல் ஜன்தன் என்ற பெயரிலே இருப்பே வேண்டாத கணக்குகளும் கோடிக்கணக்கிலே திறக்கப்பட்டன. கூலியும் மானியமும் உதவித்தொகையும் கணக்கு வழியேதான் என்றாகிவிட்டது. கணக்கு வைத்துக்கொள்வது விருப்பம் என்றிருந்த காலம் போய், வைத்தே தீர வேண்டும் என்ற காலம் வந்த பிறகு, அதற்குள் கண்ணி வைப்பது என்ன நியாயம்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வித்தையும் அல்ல. அமெரிக்காவிலே இருப்புக்கு மேல் செலவானால் 'ஓவர்டிராஃப்ட்' என்று ஒவ்வொரு முறைக்கும் கட்டணம். வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய வங்கி அதிலே ஒரு நாடகக்காரனின் தந்திரத்தைப் புகுத்தியது. ஒருவர் கணக்கிலே 100 டாலர் இருக்கிறது. காலையிலே 10, பிறகு 15, பிறகு 20 டாலருக்குப் பொருள் வாங்குகிறார். மாலையிலே 95 டாலர் செலவு. வந்த வரிசையிலே கழித்தால் கடைசிச் செலவு ஒன்றுதான் இருப்பை மீறும்; ஒரு கட்டணம். வங்கி என்ன செய்தது? பெரியதை முன்னாலே வைத்தது! 95 முதலிலே கழிந்தது, மிச்சம் ஐந்து. பிறகு 20, 15, 10, மூன்றும் மீறின, மூன்று கட்டணம். காட்சி வரிசையை மாற்றினால் கதையின் முடிவே மாறும் என்பது எங்கள் தொழிலின் இரகசியம். அதை வங்கிக்காரர் எங்கே கற்றாரோ! 2010-இல் கலிபோர்னியாவிலே வில்லியம் ஆல்சப் என்ற நீதிபதி, 20 கோடியே 30 இலட்சம் டாலரை மக்களுக்குத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளித்தார். வங்கி மேல்முறையீட்டுக்கு மேல் முறையீடு செய்தது. 2016-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தலையிட மறுத்த பிறகே வழக்கு ஓய்ந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயும் தண்டம் ஏழையின் வீட்டு முகவரியைத்தான் தேடிப் போகிறது.

நம் ஊருக்கே திரும்புவோம். தண்டத்தைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. முடக்கம்! முன்பெல்லாம் முடக்குவாதம் என்ற நோயைப் பற்றிப் பேசும்போது வந்த சொல். இன்று வங்கிக் கணக்குக்கும் அந்த நோய் வந்துவிட்டது.

ஒருவர் தேநீர்க் கடை நடத்துகிறார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலே க்யூ.ஆர். அட்டை. வழிப்போக்கன் ஒருவன் வருகிறான், தேநீர் குடிக்கிறான், இரண்டு பன் தின்கிறான், கைப்பேசியைக் காட்டி அறுபது ரூபாய் அனுப்புகிறான், போகிறான். அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. தேநீர் விற்பவன் வாடிக்கையாளரின் சாதகத்தையா கேட்க முடியும்? அந்த அறுபது ரூபாய், எங்கோ ஒரு மாநிலத்திலே ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணத்தின் துளி. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்கிறார். செய்யத்தான் வேண்டும். பணம் கை மாறி மறைவதற்குள் தடுக்க வேண்டும்; அதிலே நமக்கு மறுப்பில்லை. பணம் போன பாதையைத் தொடர்ந்து வருகிறார்கள். ஒரு கணக்கு, அதிலிருந்து நான்கு, அதிலிருந்து நாற்பது. நாற்பதிலே ஒன்று நம் தேநீர்க் கடை.

அறுபது ரூபாயை நிறுத்திவைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கணக்கையே நிறுத்துகிறார்கள்! மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்து வைத்த பணமும் அதற்குள்ளே. பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் அதற்குள்ளே. வங்கிக்கு ஓடுகிறார். "எங்களுக்குத் தெரியாது, மேலிடத்திலிருந்து வந்தது" என்கிறார்கள். எந்த மேலிடம்? "ஏதோ வடமாநிலத்துச் சைபர் காவல்துறை." யாரிடம் பேசுவது? "அவர்களிடமே பேசுங்கள்." எந்த மொழியிலே பேசுவது என்பதை மட்டும் அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வங்கிக் கணக்கும் ஒரு சொத்தே, விசாரணைக்காகக் காவல்துறை அதைக் கைப்பற்றலாம் என்று 1999-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்த இடத்திலே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. பெயரை நாவிலே ஏற்றவே ஒரு நாள் பிடிக்கும். பிரிவின் எண்ணை மட்டுமாவது மனத்திலே ஏற்றிக்கொள்ளுங்கள். ஏனென்றால், கைப்பற்றியதை உடனடியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. கைப்பற்றும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள், தெரிவிக்கும் கடமையையும் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

நீதிமன்றங்களும் வாளாவிருக்கவில்லை. 2023-இல் கேரள உயர்நீதிமன்றம், காவல்துறை குறிப்பிட்ட தொகைக்கு மட்டுமே தடை இருக்கலாம், கணக்கு முழுவதற்கும் கூடாது என்று ஆணையிட்டது. 2024-இல் நம் சென்னை உயர்நீதிமன்றமும், தொகையை வரையறுக்காமல் கணக்கை முழுவதும் முடக்கியதைக் கண்டித்து, ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க அனுமதித்தது. ஓராண்டுக்கு மேலாக முடங்கிக் கிடந்த கணக்கு அது. அந்த மனுதாரருக்கு உயர்நீதிமன்றம் ஏற வழியிருந்தது, தேநீர்க் கடைக்காரருக்கு? அடுப்பை அணைத்துவிட்டு அவர் எந்த நீதிமன்றத்துக்கு ஏறுவார்?

இன்னொரு முடக்கம் கே.ஒய்.சி. முடக்கம். "ஆதார் கொண்டு வாருங்கள், அட்டை கொண்டு வாருங்கள், பத்தாண்டாக இங்கே கணக்கு வைத்திருக்கும் நீர் யார் என்று நிரூபியும்!" இதற்கும் 2025 ஜூனிலே ரிசர்வ் வங்கி நெறி வகுத்தது. கெடு நாளுக்கு முன் மூன்று முறையாவது அறிவிப்பு, அதிலே ஒன்று கடிதமாக. கெடு கடந்த பின்னும் மூன்று நினைவூட்டல், அதிலும் ஒன்று கடிதமாக. உங்களில் எத்தனை பேருக்குக் கடிதம் வந்தது என்று கை தூக்கச் சொன்னால், இந்தக் கூட்டத்திலே எத்தனை கைகள் எழும் என்று நான் ஊகித்துக்கொள்கிறேன்.

கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் மீது பாயாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அவரும் உழைப்பாளி. நால்வர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறார். அதற்கிடையே இத்தனை காப்பீட்டுப் பத்திரம் விற்றாக வேண்டும் என்று அவர் தலையிலே ஒரு கணக்கு. அவர் முகம் கடுகடுப்பதற்குக் காரணம் அவருடைய மேலதிகாரியின் கடிதத்திலே இருக்கக்கூடும். ஆனால் ஒன்று: நம் ஊர் வங்கியிலே நம் மொழி இல்லாமற்போவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறிவிப்புகளும் படிவங்களும் இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. யாரும் போடுகிற பிச்சை அல்ல. பணம் எடுக்கும் சீட்டைத் தமிழிலே கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பலமுறை அது எங்கிருந்தோ கிடைத்துவிடும்!

எழுதுவது! தோழர்களே, அங்கேதான் நம் வேலை இருக்கிறது. வாயாலே சொன்ன குறை வாசலோடு போய்விடும். தாளிலே எழுதிய குறைக்கு நாள் உண்டு, எண் உண்டு, முத்திரை உண்டு. நாம் எழுதத் தெரிந்தவர்கள். சுவரிலே எழுதினோம், தட்டியிலே எழுதினோம், துண்டறிக்கை எழுதினோம். ஒரு தாய்க்கு ஒரு மனு எழுத மாட்டோமா?

தண்டம் பிடிக்கப்பட்டிருந்தால் கேட்க வேண்டியது மூன்று. எந்தக் கட்டணம், எந்த மாதத்துக்கு? அதற்கு முன் எந்த நாளில் எனக்கு அறிவித்தீர்கள்? குறைந்த தொகை எவ்வளவு, அதற்குப் போட்ட விகிதம் என்ன? இரண்டு படி எழுதுங்கள். ஒன்றை மேலாளரிடம் கொடுத்து, மற்றதிலே கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதே மனுவிலேயே, 'என் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றுக' என்றும் எழுதலாம். 2012 முதல் எல்லா வங்கிகளும் தர வேண்டிய கணக்கு அது. இருப்பு ஒரு காசும் வைக்க வேண்டியதில்லை. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். அதே வங்கியிலே வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. இப்படியொரு கணக்கு இருக்கிறது என்று எந்தக் கிளையிலாவது கொட்டை எழுத்திலே எழுதி வைத்திருப்பதை நான் கண்டதில்லை. நகைக் கடன் பலகைதான் கண்ணைப் பறிக்கிறது.

கணக்கு முடங்கியிருந்தால், முடக்கச் சொன்னவர் யார், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்பதை எழுத்திலே கேளுங்கள். தொகை தெரிந்தால், அதை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கச் சொல்லி, நான் சொன்ன தீர்ப்புகளைக் குறிப்பிட்டு எழுதலாம். அந்தக் காவல் நிலையத்துக்கும் ஒரு படி அனுப்பலாம். ஏ.டி.எம்.மிலே பணம் வராமலேயே கணக்கிலே கழிந்ததா? ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். பிந்தினால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குக் கட்ட வேண்டும். 2019-இல் வந்த விதி. ஆம், வங்கிக்கும் தண்டம் உண்டு! அதைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

மனுக் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதிலிலே நியாயம் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பரிலே நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக அது ஆக்கப்பட்டது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். இணையம் வழியாக எழுதலாம். தாளிலே எழுதிச் சண்டிகரிலுள்ள மையத்துக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். எந்த மொழியிலே எழுதினாலும் அங்கே வாங்கிக்கொள்வார்கள். ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். 14448 என்பது விவரம் கேட்கும் எண். ஒன்றை மறவாதீர்கள்: வங்கிக்கு முதலிலே எழுதாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அந்த முத்திரை போட்ட படி!

படிப்பகத் தோழர்களிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு முதல், காலை பத்து மணிக்கு, நாளிதழ் விரிக்கும் அந்த நீள மேசையின் ஒரு பாதி இதற்கென்று ஒதுக்கப்படும். தாளும் பேனாவும் அங்கே இருக்கும். எழுதித் தர நான்கு தம்பிமார்கள் இருப்பார்கள். நானும் நாடக ஒத்திகை இல்லாத வாரங்களிலே வருவேன். தாய்மார்கள் பாஸ்புக்கைக் கொண்டு வாருங்கள். கைப்பேசியிலே வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடாமல் அப்படியே கொண்டு வாருங்கள். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்களுக்கும் அவை வேண்டாம்.